வளைகாப்பில் வாசித்த மைனர் கார்டு

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வரும் முறை அன்று. ஐந்து மணிக்கு எழுந்து, குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்து நிரப்பி மூடினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். காப்பி குடித்துவிட்டு, டைரியில் முந்தைய நாள் விட்டுப்போயிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். கல்யாணமான வருடத்திலிருந்து நான் டைரி எழுதாத நாள் இல்லை. ஞாயிறு என்றால் அடுத்த வேலை, தீப்பெட்டிக் கம்பெனிக்கு வாரம் முழுக்கக் கட்டிப்போகும் சேலைகளைத் துவைப்பது. அன்று அதை மட்டும் ஒத்திவைத்தேன். என் மகளுக்கு அன்று வளைகாப்பு.

மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது புதூர் பக்கம் ஒரு கிராமத்தில். வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டில் நடத்தி, சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணைப் பிரசவத்துக்கு நாங்கள் அழைத்து வருவது என்று ஏற்பாடு. சாத வகைகள், வளையல் பெட்டி, பூ, பழத்தட்டு எல்லாம் வேனில் ஏறியதும், கடைசியாக நான் ஒரு நீளமான கறுப்புப் பையைக் கொண்டுவந்து பின்சீட்டில் படுக்கவைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அவிய சொன்ன மாதிரிதான் வாசிக்கப் போறேன்."

பைக்குள் இருந்தது கிட்டார். அது என்னிடம் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த வங்கி அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, லாரியில் இது நசுங்கிவிடும் என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் சும்மா கிடக்கும் பொருள் எனக்குக் கண்ணை உறுத்தும். ஒன்று அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். போனில் வீடியோ பார்த்துக் கம்பிகளைச் சுருதி கூட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் போகவில்லை. காரணம் என் இடது கை. கல்யாணத்துக்கு முன்பே மினிபஸ் கதவில் நசுங்கியதில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் போய்விட்டன. இரண்டும் எப்போதும் நீட்டியபடியே நிற்கும். கம்பெனியில் தீப்பெட்டி லேபிள்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு அந்த விரல்கள் தேவைப்படவில்லை. கிட்டாருக்குத் தேவைப்பட்டன. எந்த வீடியோவைத் திறந்தாலும் மூன்று விரல்களை மூன்று இடத்தில் மடக்கி வைக்கச் சொன்னார்கள். இசை வகுப்பு நடத்தும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கையைப் பார்த்துவிட்டு, கீபோர்டு பழகலாமே என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

ஒரு நாள் துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் தற்செயலாக அடியில் உள்ள மெல்லிய மூன்று கம்பிகளின் மேல் நேராகப் படுத்திருந்தது. துணி பிடித்த வலது கை கம்பிகளில் உரசியது. சில சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பதைத்தான் கார்டு என்பார்கள்; அப்படி முழுதாக ஒரு கார்டு கேட்டது. நான் மடக்கி வைத்துப் பழக முயன்று, ஒரு தடவைகூட வராத 'ஏ மைனர்' அதுவேதான். விரல் இருந்தது ஐந்தாவது ஃப்ரெட்டில். ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கோடுகள். விரலை அப்படியே வழுக்கிப் பத்தாவதுக்குக் கொண்டுபோனேன். அங்கே 'டி மைனர்'. பன்னிரண்டில் 'இ மைனர்'. எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு மைனர்.

ஏன் என்று தெரியாமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, போன் காட்டும் சுரத்தின் பெயரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஒரு மைனர் கார்டில் மூன்று சுரங்கள்தான். முதல் சுரம், அதிலிருந்து மூன்று ஃப்ரெட் தூரத்தில் இரண்டாவது, அங்கிருந்து நான்கு ஃப்ரெட் தூரத்தில் மூன்றாவது. மேஜர் கார்டிலும் முதல் சுரமும் கடைசிச் சுரமும் அவையே. நடுச்சுரம் மட்டும் ஒரு ஃப்ரெட் மேலே இருக்கும். அந்த ஒரு ஃப்ரெட் கீழே இறங்கினால் வெளிச்சமாகக் கேட்டது நிழலாகக் கேட்கும். மெல்லிய மூன்று கம்பிகளும் இயல்பிலேயே மைனருக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. குறுக்கே நேராகப் படுக்க ஒரு விரல் இருந்தால் போதும். என்னிடம் இருந்ததும் அந்த ஒரு விரல்தான். அன்று டைரியில் எழுதியதை வேறு எந்த நாளும் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியதில்லை.

தினமும் வேலை முடிந்து வந்து, விளக்கேற்றிவிட்டு வாசிப்பேன். மெதுவாக ஒரு தட்டு. ஒலி அடங்கும்வரை காத்திருந்து அடுத்த தட்டு. பழக ஆரம்பித்த வாரமே எதிர்வீட்டு அக்கா தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்தார்.

"என்னட்டி ஆச்சு? ஊர்லருந்து போன் வந்துச்சா? யாரு தவறிட்டா?"

"யாருமில்லக்கா. நான் கிட்டார் பழகுதேன்."

"அடிப் பாவி, வயித்தைக் கலக்கிட்டியே! நான் அடுப்பை அமத்திட்டுல்ல ஓடியாரேன்."

இந்தக் கதை தெருவெல்லாம் பரவியது. என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "பால்காரர் இப்பல்லாம் நம்ம வாசல்ல மணியே அடிக்கிறதில்ல. துக்க வீடுன்னு சத்தம் காட்டாமப் போயிடுதாரு" என்றார். நான் சிரித்துக்கொண்டு வாசித்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அதே விரலை ஒரு கம்பி மேலே தள்ளி, நடுவில் உள்ள மூன்று கம்பிகளில் படுக்கவைத்தால் மேஜர் வரும். கடைசிக் கம்பியில் கை படாமல் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் என் மனது மைனரிலேயே நின்றது. அதுதான் எனக்கு முதலில் கிடைத்தது.

தீபாவளிக்கு வந்திருந்த மகள் நான் வாசித்ததைப் போனில் எடுத்துக்கொண்டு போய்த் தன் மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். அப்போது அவள் உண்டாகி மூன்று மாதம். அதற்கு முந்தைய வருடம் ஒரு கரு நாலாம் மாதத்தில் நிற்காமல் போய்விட்டது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் என் மகளின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தவர் அந்த மாமியார்தான். ஆகவே வளைகாப்பில் அம்மா கிட்டார் வாசிக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டுச் சொன்னபோது, அவர் எனக்குப் போன் செய்து பேசியதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மதினி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க வாசிக்கது நல்லாத்தான் இருக்கு. ஆனா அழுகுத மாதிரில்ல இருக்கு. பிள்ளத்தாச்சி உக்காந்திருக்க இடத்துல அந்தச் சத்தம் வேண்டாம். போன தடவ பட்டது போதும். எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு."

"சரி மதினி. சிரிச்சாப்புல இருக்கதும் இருக்கு. அத மட்டும் வாசிக்கேன்."

"அப்படின்னா சந்தோசமா வாங்க."

பொங்கல் முடிந்ததிலிருந்து மேஜர் மட்டுமே பழகினேன். நடுக்கம்பிகளில் இரண்டாம் ஃப்ரெட்டில் 'ஏ', ஏழில் 'டி', ஒன்பதில் 'இ'. கண்ணை மூடிக்கொண்டே மாறும் அளவுக்குப் பழகினேன். மங்கலமான காரியத்துக்கு மங்கலமான கார்டு. சரியான ஏற்பாடு என்றே நினைத்தேன்.

எட்டயபுரம் தாண்டியதும் இருபுறமும் கரிசல். சில காடுகளில் பருத்தி வெடித்திருந்தது. ரோட்டோரத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததால் வேனில் எல்லோரும் மாறி மாறித் தும்மினோம். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மகளை மனையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, முதல் வளையலை மாமியார் போட்டார். அடுத்து நான். பிறகு ஒவ்வொருவராகப் போட்டு, முழங்கை வரை இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

அந்த ஊரில் வளையல் போட்டு முடித்ததும் பெண்ணை நடுவில் வைத்துச் சுற்றிவந்து பெண்கள் கும்மியடிப்பார்கள். கோயில் திருவிழாவில் முளைப்பாரிக்குப் பாடும் அதே மெட்டில், வளைகாப்புக்கு ஏற்ற வரிகளை இரண்டிரண்டாக, கண்ணி கண்ணியாக, அப்போதைக்கு அப்போது கட்டிப் பாடுவார்கள். முன்பாட்டு என் சம்பந்தியம்மா. அவர் பாட ஆரம்பித்தால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து ஆடுவார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நான் நேரில் கேட்டதில்லை. மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வட்டத்துக்கு வெளியே போட்டு, "அத்தை, இங்கன உக்காருங்க" என்றார். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். வந்திருந்தவர்கள் கும்மியை விட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்தார்.

"கரிசக் காட்டுல பருத்தி வெடிக்குது,
எம்மக கையில வளவி குலுங்குது..."

அவர் நிற்கும் சுரத்தைக் கம்பியில் தேடினேன். 'ஏ'. என் இரண்டாம் ஃப்ரெட்டுக்குச் சரியாக வந்தது. நிம்மதியாக விரலை வைத்து, முதல் கைத்தட்டலோடு சேர்த்து அடித்தேன்.

புளித்துப்போனது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாட்டு ஒரு பக்கம் இழுத்தது, கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாவது கார்டுக்கு மாறினேன். இன்னும் மோசம். வட்டத்தில் ஒரு பெண், "என்னக்கா இது, பாயாசத்துல புளியக் கரைச்ச மாதிரி?" என்று கேட்டுவிட்டார். பலர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை, பாட்டு தடுமாறி நின்றது. கும்மி நின்றால் நல்லதில்லை என்று யாரோ பின்னால் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

நானும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் காது வேலை செய்தது. அவர் பாடிய இரண்டாவது வரியில் குரல் ஒரு இடத்தில் இறங்கி நின்று மேலே போகிறது. அந்த இடம்தான் கார்டின் நடுச்சுரம். என் கிட்டாரில் அது ஒரு ஃப்ரெட் மேலே இருந்தது. அவர் பாட்டில் ஒரு ஃப்ரெட் கீழே. அந்தக் கும்மி மெட்டே மைனர். எது வேண்டாம் என்று அவர் சொன்னாரோ, அதில்தான் அவரே பாடிக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு இரண்டு வழிகள். பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மகளின் முகம் மட்டும் வாடும். இல்லையென்றால், சொல்லாமல் மைனருக்கு மாறலாம். அவருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? ஆனால் நாளைக்கு என் மகளுக்குச் சின்னத் தலைவலி வந்தாலும் சம்பந்தியம்மாவின் மனது இந்த முற்றத்துக்குத்தான் வரும். கொடுத்த வாக்கை அவருக்குத் தெரியாமல் மாற்ற எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து அவரிடமே போனேன்.

"மதினி, உங்க பாட்டுக்கு நான் பழகிட்டு வந்தது சேரல. சேருதது ஒண்ணு இருக்கு. ஆனா அது நீங்க வேண்டாம்னு சொன்ன சத்தம்தான். மறைக்க விரும்பல. வேண்டாம்னா இப்பவே பையில போட்டுருதேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனையில் இருந்த மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

மகள் வளையல் கையைத் தூக்கி, "அத்தை, ஒரு கண்ணி பாடிப் பாருங்க. எனக்கு ஒண்ணும் செய்யாது. உங்க பாட்டுத்தான?" என்றாள்.

"ஏட்டி, உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றவர் முந்தானையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னிடம், "ஒரு கண்ணிதான் மதினி. எம் பாட்ட அழுகையாக்கிட்டீங்கன்னா அங்கனயே நிறுத்திருவேன்" என்றார்.

நாற்காலிக்கு வந்தேன். விரலை ஒரு கம்பி கீழே இறக்கி, மெல்லிய மூன்றின் மேல் படுக்கவைத்தேன். ஐந்தாம் ஃப்ரெட். வீட்டில் வாசிப்பதுபோல ஒலியை நீட்டவிடவில்லை. கைத்தட்டல் விழும் இடத்தில் ஒரு வெட்டு, அடுத்த கணமே விரலைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிட்டேன். தட்டு, வெட்டு, தட்டு, வெட்டு. பத்துக்குப் போனேன், பன்னிரண்டுக்குப் போனேன், ஐந்துக்குத் திரும்பினேன். பாட்டும் கிட்டாரும் ஒன்றாகவே போயின. புளியைப் பற்றிச் சொன்ன அதே பெண் திரும்பிப் பார்த்து, "ஏ, இது!" என்றார்.

ஒரு கண்ணி முடிந்தது. நான் சம்பந்தியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது கண்ணிக்குப் போய்விட்டார்.

மூன்றாவதில் எனக்குச் சோதனை வந்தது. கும்மி சூடேற ஏற, பாடுகிறவர்களின் குரலும் தானாக மேலே ஏறும். யாரும் ஏற்றுவதில்லை, ஏறிவிடும். வேகமும் கூடியது. என் கார்டு மறுபடி உரசத் தொடங்கியது. பயந்து கையை எடுத்துவிட்டேன். கைத்தட்டல் மட்டும் கேட்டது. சம்பந்தியம்மா சுற்றியபடியே என் பக்கம் வந்தார். முடிந்தது, நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வியர்வை வழியும் முகத்தோடு குனிந்து, மூச்சு வாங்க, "சத்தத்தக் காணோமே மதினி, தூங்கிட்டீங்களா? அடிங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த அடி எடுத்துப் போய்விட்டார்.

எத்தனையோ பேர் மூன்று விரலை மடக்கி அழகாக வாசிப்பார்கள். அவர்களாக இருந்திருந்தால் இந்த இடத்தில் எல்லா விரல்களையும் புதிதாக யோசித்து மாற்ற வேண்டியிருந்திருக்கும். எனக்கு ஒரே வேலைதான். படுத்திருந்த விரலை அப்படியே ஒரு ஃப்ரெட் மேலே தள்ளினேன். ஐந்து ஆறானது, பத்து பதினொன்றானது, பன்னிரண்டு பதின்மூன்றானது. மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. அவர்கள் இன்னும் ஏறினார்கள். நானும் ஏறினேன். இனி எங்கே போனாலும் பின்னால் போகலாம் என்று தெரிந்ததும் பயம் விட்டுப்போனது. மனையில் உட்கார்ந்திருந்த மகள் இரண்டு கையையும் தட்டினாள். வளையல்களின் சத்தம் ஒரு தனி வாத்தியம்போல் நடுவில் கேட்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். அவர் தாளம் போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

எத்தனை கண்ணி பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. எதையும் குறித்து வைக்கும் எனக்கே தெரியாது. கடைசியில் குலவையிட்டு முடித்ததும், சம்பந்தியம்மா வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன்ல கேட்ட அதே சத்தமா மதினி இது?"

"அதேதான்."

"அப்ப இத்தன வருசமா நான் அழுகுத மெட்டுலயா கும்மி அடிச்சிருக்கேன்?"

"அழுகுத மெட்டுன்னா இவ்வளவு பேருக்குக் கால் நிக்காம ஆடுமா மதினி? மெதுவா வாசிச்சது என் தப்பு."

அவர் பெரிதாகச் சிரித்தார். பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மடங்காத இரண்டு விரல்களையும் தடவிப் பார்த்தார். கம்பி அழுந்தி ஆள்காட்டி விரலில் மூன்று கோடுகள் சிவந்திருந்தன. "வலிக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். வலித்தது. ஆனால் எனக்கு அப்போது இருந்த பெருமையில் அது பெரிதாகத் தெரியவில்லை. பெருமை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. யாரும் சொல்லித்தராததை நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அதை ஒளிக்காமல் கேட்டு அனுமதி வாங்கி, ஒரு முற்றமே ஆடும்படி வாசித்திருந்தேன். பயந்த ஒரு மனதும் அந்தச் சத்தத்திலேயே தெளிந்திருந்தது.

சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது, சம்பந்தியம்மா வேனின் ஜன்னலோரம் வந்து மருமகளின் கன்னத்தை வழித்துச் சொடுக்கிவிட்டு, "பிள்ளையத் தூக்கிட்டு வரும்போது உங்கம்மாவ அந்தப் பையையும் தூக்கிட்டு வரச் சொல்லு. முளைப்பாரி இருக்கு" என்றார். வழியெல்லாம் மகள் வளையல் குலுங்கத் தூங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகச் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்து, மூன்றாவது கண்ணியின் வரிகள் என் காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன். பின்னால் ஆடுகள் கத்த, அவர் சொல்லாமல் பாடியே காட்டினார். காலைக் குரல் கனத்து இறங்கியிருந்தது. தேடிப் பார்த்து மூன்றாம் ஃப்ரெட்டில் விரலைப் படுக்கவைத்தேன், சேர்ந்துகொண்டது. என்னால் மடக்க முடியாத விரல்களைப் பற்றி அன்றுவரை பலரும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அந்தக் காலைக்குப் பிறகு, கம்பிகளின் மேல் படுக்கவைக்க முடிகிற அந்த ஒரு விரலை நினைத்துத்தான் நான் தினமும் கிட்டாரை எடுக்கிறேன்.